எவர்சில்வர் வாட்ச்

அரசுப் பணியாளர் ஒருவர் நெருங்கிய உறவினரிடமிருந்தே அன்பளிப்புப் பெற்றாலும், அதன் மதிப்பு விதியில் கண்ட வரம்பைத் தாண்டினால், ஒரு மாதத்துக்குள் உரிய படிவத்தில் மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். நடத்தை விதிகளில் இது தெளிவாக இருக்கிறது. நெருங்கிய உறவினர் என்றால் யார் யார் என்பதற்கு விளக்கமும் இருக்கிறது. தம்பி அதில் அடக்கம். என் பணிக்காலத்தில் இந்த விதியை எத்தனையோ பேருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். கேட்டவர்கள் தலையை ஆட்டுவார்கள், பிறகு பொருளை ஒளித்துவைப்பார்கள். இரண்டும் எனக்குப் பழக்கம். ஆனால் 'இந்த விதி உமக்குப் பொருந்தாது, போய் வாரும்' என்று விட்ட பிறகும், 'இல்லை, எனக்குப் பொருந்தும்' என்று மேல்முறையீடு செய்த ஒரே ஒரு மனிதரைத்தான் எனக்குத் தெரியும்.

அவர் எங்கள் அலுவலகத்தில் சுகாதார ஆய்வாளர். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை; ஓய்வூதியம் வாங்குகிறவனுக்கு அவ்வளவு அடக்கமாவது வேண்டும். எண்பதுகளின் கடைசியில் அவரும் நானும் ராஜபாளையத்தில் குடியிருந்தோம். தினமும் ஒரே பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் வேலைக்குப் போய்வந்தோம். நான் அலுவலக மேலாளர். அதாவது, அதிகாரி கையெழுத்துப் போடுகிற எல்லாவற்றையும் எழுதுகிறவன். அவருடைய வேலை சாக்கடை, கசாப்புக் கடை, ஓட்டல் அடுப்படி, கல்யாண மண்டபத்துக் கழிப்பறை. இவை அத்தனைக்கும் அவர் சுவிட்சர்லாந்து வாட்ச் கட்டிக்கொண்டு போவார்.

வாட்ச் என்றால் சாதாரண வாட்ச் இல்லை. கருநீல முகம், கனத்த ஸ்டீல் பட்டை, சாவி கொடுக்க வேண்டாத வகை. கை அசைகிற அசைவிலேயே தனக்குத் தானே சாவி கொடுத்துக்கொள்ளும். அந்த மாதிரி வாட்சை எங்கள் பக்கத்து மில் முதலாளிகள் சிலர் வைத்திருந்ததாகக் கேள்வி. அவர்கள் அதை பீரோவில் வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்குக் கட்டினார்கள், வீட்டுக்கு வந்ததும் கழற்றினார்கள். இவர் அதைக் கட்டிக்கொண்டு குனிந்து சாக்கடை மூடியைத் திறந்து பார்ப்பார். ஒரே ஒரு சலுகை: உள்ளே விடுவது வலது கை. இடது கை முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது வீதி முழுக்க பிளீச்சிங் பவுடர் தூவுவது அவர் பொறுப்பு. பிளீச்சிங் பவுடர் ஸ்டீலுக்கு ஆகாது என்று எங்கோ படித்திருந்தார். கழற்றி வைக்கலாம் அல்லவா? மாட்டார். இடது கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, தூவுகிற ஆட்களுக்கு முன்னால் நடப்பார். வெளியூரிலிருந்து தேர் பார்க்க வந்த பெண்கள் சிலர், யாரோ பெரியவர் ஆசி வழங்கிக்கொண்டு போகிறார் என்று நினைத்துக் கும்பிட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவரும் தலையசைத்து ஏற்றுக்கொண்டார். கையை மட்டும் இறக்கவில்லை.

தினமும் சாயங்காலம், பஸ்ஸுக்கு முன்னால், வாட்சுக்குக் குளியல் உண்டு. அலுவலகக் குழாய்த் தண்ணீர் உப்பு. காய்ந்தால் வெள்ளையாகப் படியும். அதனால் ராஜபாளையத்திலிருந்தே ஒரு பாட்டிலில் நல்ல தண்ணீர் கொண்டுவருவார். முதலில், பக்கவாட்டுத் திருகை விரல் நுனியால் இறுக்குவார். "மொதல்ல கதவச் சாத்தணும் சார். பொறவுதான் குளிப்பாட்டணும்" என்பார். சோப்புப் போடமாட்டார், பிசுக்கு நிற்குமாம். ஷாம்பு பாக்கெட் ஒன்றைக் கத்தரித்து, ஒரே சொட்டு. மீதிக்குத் துணி கிளிப் போட்டு நாலு நாள் ஓட்டுவார். பட்டையின் ஒவ்வொரு கண்ணியையும் குழந்தைகள் பல் தேய்க்கிற பிரஷால் தேய்ப்பார். துடைப்பதற்குச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி. "ஆபீஸ் துணியா?" என்று நான் ஒருநாள் கேட்டுவிட்டேன். மறுநாள் துணி வாங்கின ரசீதைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டு, அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

"இம்புட்டுப் பாடு எதுக்கு? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கழுவினா போதாதா?" என்பார் எங்கள் டைப்பிஸ்ட் அம்மாள்.

"நீங்க ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா மூஞ்சி கழுவுறீய?" என்பார் இவர்.

இந்தச் சுத்தம்தான் வினையைக் கொண்டுவந்தது. கடைவீதியில் ஓட்டல் வைத்திருந்த ஒருவருக்கும் இவருக்கும் தம்ளர் விஷயத்தில் தகராறு. தம்ளர்கள் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு நிமிடம் கிடக்க வேண்டும் என்று இவர் சொல்லியிருந்தார். சொல்லிவிட்டுப் போகிற ஆள் இல்லை. அடுப்புப் பக்கத்தில் நின்று வாட்சைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"தம்ளர் கழுவுறதுக்குச் சீமை வாட்சுல டைம் பாக்காருய்யா" என்றார் ஓட்டல்காரர், சாப்பிடுகிறவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி. "ஏலே, அந்த இட்லிக்கும் ஒரு டைம் கேட்டுச் சொல்லு, சுவிட்சர்லாந்துல இப்ப சட்னி அரைச்சாச்சான்னு பாப்பம்."

"ஒன்னே முக்கால் நிமிஷம்தான் ஆச்சு. திரும்பப் போடுங்க" என்றார் இவர்.

அடுத்த வாரம் எங்கள் அதிகாரிக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. 'சம்பளம் இம்புட்டு, வாட்ச் எம்புட்டு?' என்று தொடங்கியது. பெயர் இல்லை, முகவரி இல்லை. கையெழுத்து மட்டும் அந்த ஓட்டல் பலகையில் 'இன்றைய ஸ்பெஷல்' எழுதுகிற அதே கையெழுத்து. பெயரில்லாத மனுவைக் கிழித்துப்போடலாம் என்று உத்தரவே இருக்கிறது. எங்கள் அதிகாரிக்கு உத்தரவைவிடப் பயம் பெரிது. விளக்கம் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

வாட்ச் வந்த கதை அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். அவருக்கு ஒரே தம்பி. அப்பா இல்லாத வீடு. பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை கோட்டைவிட்ட அந்தத் தம்பியைத் தெருவே சிரித்தபோது, இவர் தன் கல்யாணத்துக்கு மாமனார் போட்ட வாட்சை விற்று, மஸ்கட்டுக்கு அனுப்பிவைத்தார். கட்டட வேலை. ஏழு வருடம் கழித்து முதல் முறையாக லீவில் வந்தவன், பெட்டியைத் திறக்கும் முன்னால் அண்ணன் கையைப் பிடித்து இந்த வாட்சைக் கட்டினானாம். "பீரோவுல வச்சுப் பூட்டிராதண்ணே. தெனமும் கட்டணும். நீ கட்டாம இருந்தேன்னு தெரிஞ்சா அடுத்த லீவுக்கு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

"தம்பி குடுத்தது எப்படி சார் அன்பளிப்பு ஆகும்?" என்றார் இவர், என் குறிப்பாணையைக் கையில் வைத்துக்கொண்டு.

"விதியில தம்பின்னு போட்டிருக்கு."

"எந்தம்பியவா?"

"எல்லாத் தம்பியையும்."

விதியைப் பார்த்தால் அவர் தவறியவர்தான். ஒரு மாதத்துக்குள் தெரிவிக்கவில்லை. ஆனால் தெரிவிக்க வேண்டிய மதிப்பு உடையதா அந்தப் பொருள் என்று முதலில் நிரூபிக்க வேண்டும் அல்லவா? அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரிடம் சான்று பெறுவது நடைமுறை. எங்களிடம் இருந்த பட்டியலில் கட்டடத்துக்கு ஒருவர், மரத்துக்கு ஒருவர், நகைக்கு ஒருவர், ஆக மூன்று பேர். கைக்கடிகாரம் கட்டடமும் இல்லை, மரமும் இல்லை. ஆகவே நகை என்று முடிவுசெய்து கடிதம் எழுதினேன். இன்றைக்கும் அந்தத் தர்க்கத்தில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நகை மதிப்பீட்டாளர் ஒரு வங்கியில் அடகு நகை பார்ப்பவர். ஆய்வாளரும் நானும் போனபோது, எங்களுக்கு முன்னால் இரண்டு பெண்கள் வளையலோடு காத்திருந்தார்கள். எங்கள் முறை வந்ததும், "கழட்டுங்க" என்றார்.

"கையில இருக்கும்போதே பாக்க முடியாதா?"

"கழுத்தோட சேத்து வச்சா நான் சங்கிலிய உரசிப் பாக்கேன்?"

கழற்றினார். மதிப்பீட்டாளர் வாட்சின் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கவிழ்த்தார், பட்டையின் கொக்கியை உரைகல்லில் அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தார். இவர் "ஐயோ" என்று எழுந்துவிட்டார். கல்லில் ஒரு சொட்டுத் திராவகம் விழுந்தது. மதிப்பீட்டாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"தங்கம் இல்ல. வெள்ளியும் இல்ல. எவர்சில்வர்."

"விலை?" என்றேன் நான்.

"எவர்சில்வருக்கு நாங்க விலை போடுறதில்ல. பாத்திரக் கடையில எடைக்கு எடுப்பாக."

அதையே எழுதி, முத்திரையும் போட்டுக் கொடுத்தார். 'எவர்சில்வர் கைக்கடிகாரம் ஒன்று. விலைமதிப்புள்ள உலோகம் எதுவும் இல்லை. மதிப்பு மிகச் சொற்பம்.'

உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மதிப்பு சொற்பம் என்றால் விதி பொருந்தாது. விதி பொருந்தாவிட்டால் குற்றம் இல்லை. குற்றம் இல்லாவிட்டால் கோப்பை மூடலாம். 'மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று அழகாக ஒரு குறிப்பு எழுதி, நகலை அவரிடம் கொடுத்தேன். அந்த வருடம் மேற்பார்வையாளர் பதவி உயர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த பட்டியலில் அவர் பெயர் முதலில் இருந்தது. ஜீப், தனி அறை, இனி சாக்கடையில் குனிய வேண்டாம். எல்லாம் பத்திரமாகக் கையில் இருந்தது.

அவர் நகலை நின்றுகொண்டே வாசித்தார். பிறகு உட்கார்ந்தார்.

"அப்ப எந்தம்பி ஏழு வருஷம் வெயில்ல நின்னு எனக்கு ஒரு தம்ளர் வாங்கிட்டு வந்திருக்கான்" என்றார்.

"காகிதத்துல மட்டும்தான்."

"எம் பணிப்பதிவேட்டுல ஒட்டுவீகளே, அந்தக் காகிதம்தான?"

ஒட்டுவோம். அதுதான் நடைமுறை.

இதற்கிடையில் சான்றில் எழுதியிருந்தது கடைவீதிக்குப் போய்விட்டது. எங்கள் அலுவலகத்திலிருந்து ரகசியம் வெளியேறுகிற வேகத்தில் கோப்புகள் வெளியேறியிருந்தால் நாடு எங்கோ போயிருக்கும். 'எவர்சில்வர் இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வைத்தார்கள். அவர் ஓட்டலுக்குள் நுழைந்தால் யாராவது தம்ளரை மேஜையில் டிங் என்று தட்டுவார்கள். இன்னொரு மேஜையிலிருந்து பதிலுக்கு டிங். அவர் அசையாமல் அடுப்புப் பக்கம் போய் நின்று நேரம் பார்ப்பார். ஆனால் சாயங்காலம் வாட்சைக் கழுவும்போது கொக்கியில் இருந்த அந்த உரசல் கோட்டின் மேல் பிரஷ் செத்த நேரம் நிற்கும்.

ஒரு மாதம் கழித்து மேல்முறையீட்டைக் கொண்டுவந்து வைத்தார். மெட்ராஸில் இருக்கிற இயக்குநருக்கு. 'மேற்படி கைக்கடிகாரம் விலை உயர்ந்தது. மதிப்பீடு தவறானது. திருத்தி ஆணையிட வேண்டுகிறேன்.'

"என்ன செய்தீர் தெரியுமா?" என்றேன். "இதுல நீர் தோத்தா தப்பிச்சீர். ஜெயிச்சா குற்றவாளி. விலை உயர்ந்ததுன்னு அவங்க ஒத்துக்கிட்டா, ஏன் தெரிவிக்கலைன்னு பதினேழு ஏ விதியில குற்றச்சாட்டு நோட்டீஸ் போடுவாங்க. தண்டனை வரும். பட்டியல்ல பேரு போகும்."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா?"

"பதவி அடுத்த வருஷமும் வரும். எந்தம்பி மறுபடி ஏழு வருஷம் நிக்க முடியுமா?"

மனுவை என் பக்கம் இழுத்தேன். பதிவு எண் போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ராஜபாளையம் மார்க்கெட்டில் அவர் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் முருங்கைக்காய்க் கட்டு. "அண்ணாச்சி, அவிய சொன்னாக் கேக்க மாட்டாக. நீங்க அந்தக் காயிதத்த எங்கயாச்சும் செருகி வச்சிருங்க. உங்களுக்கா தெரியாது?"

"பதிவேட்டில் ஏறிவிட்டது அம்மா" என்றேன். பதிவேட்டில் ஏறிய காகிதத்தை ஒளிப்பதற்கு ஒரே வழி, அதை உரிய இடத்துக்கு அனுப்புவதுதான்; அங்கே அது தானாக ஒளிந்துகொள்ளும். இதை அவரிடம் சொல்லவில்லை.

அவர் நாலடி போய்த் திரும்பினார். "ஆனா அத எவர்சில்வர்னு எழுதினது தப்புதான் அண்ணாச்சி. எம் பூட்டு வளையலே அம்புட்டு மினுங்காது" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசப் போனார்.

மெட்ராஸிலிருந்து கேள்விகள் வந்தன. ஆதாரம் என்ன? தம்பியிடமிருந்து கடை ரசீதை வரவழைத்தார். அது அரபியில் இருந்தது. அரபி தெரிந்த ஒரு ஆசிரியரைப் பிடித்து மொழிபெயர்த்தோம். அவர் நேர்மையானவர், ரசீதின் அடியில் இருந்த 'சந்தோஷமாக அணியுங்கள், மீண்டும் வருக' என்பதையும் விடவில்லை. 'உண்மை நகல்' என்று அதற்கும் சேர்த்து நான் கையெழுத்திட்டேன். ஆறு மாதம் கழித்து அடுத்த கேள்வி: கடிகாரம் தற்போது எங்கு உள்ளது? 'மனுதாரரின் இடது மணிக்கட்டில்' என்று பதில் எழுதினேன். அதற்குப் பின் இன்னொன்று: தினசரி உபயோகத்தால் மதிப்பு குறைந்திருக்க வாய்ப்பு உள்ளதா? இந்தப் பதிலை மட்டும் அவரே எழுதினார். 'தினமும் கட்டுவதால் குறையவில்லை. கட்டாவிட்டால்தான் நின்றுபோகும்.'

இது வெறும் பேச்சு இல்லை என்பதை அந்த மழைக்காலத்தில் தெரிந்துகொண்டேன். டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். கையைத் தூக்கத் தெம்பில்லை. ஆரஞ்சுப் பழத்தோடு போன என்னிடம் கண்ணால் மணிக்கட்டைக் காட்டினார்.

"ரெண்டு நாளா அசைவு பத்தல சார். நின்னுரும். நீங்க செத்த நேரம் கட்டிக்கிட்டு நடங்க."

"எங்கே?"

"வார்டுலதான். அந்தக் கோடி வரைக்கும் போயிட்டு வாங்க."

கட்டிக்கொண்டு நடந்தேன். கனம் தெரிந்தது. கட்டிலிலிருந்து குரல் துரத்தியது. "கையப் பைக்குள்ள விடாதீக. வீசி நடங்க... அம்புட்டு வேகம் வேண்டாம், பஸ்ஸுக்கா போறீய?" பக்கத்துக் கட்டில்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். நர்ஸம்மாள் ஒருவர் நின்று, இந்த நோயாளிக்கு என்ன வைத்தியம் நடக்கிறது என்று கேட்டார். அவரைத் தாண்டி வீசி நடந்தேன். மறுநாள் டைப்பிஸ்ட் அம்மாளின் வீட்டுக்காரர் நடந்தார். அதற்கு மறுநாள் எங்கள் அதிகாரியே உடல்நலம் விசாரிக்கப் போய், அவரும் நடந்துவிட்டு வந்தார் என்பது அலுவலகத்தில் யாரும் பேசாத செய்தி. விசாரணையில் உள்ள ஒரு பொருளை விசாரணை அதிகாரி அணிந்து நடக்கலாமா என்பது பற்றி விதி எதுவும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

பதவி உயர்வுப் பட்டியல் அந்த வருடம் வரவில்லை. மறு வருடம் தள்ளிப்போனது. பட்டியல் தயாராகிறது, இந்தத் தடவை நிச்சயம் என்று மெட்ராஸிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். அதே வாரம், தபால் கட்டுக்குள் இயக்குநர் அலுவலக உறை ஒன்று இருந்தது. பிரித்தேன். ஒரு பக்கம்தான். இரண்டு தடவை வாசித்துவிட்டு அவரைக் கூப்பிட்டு அனுப்பினேன். எங்கோ கசாப்புக் கடையிலிருந்து வந்தார், வலது கையைத் துடைத்துக்கொண்டே.

"உட்காரும்" என்றேன்.

"பரவால்ல, வாசிங்க."

வாசித்தேன். 'மனுதாரர் விலை உயர்ந்த வெளிநாட்டுக் கைக்கடிகாரம் ஒன்றை அன்பளிப்பாகப் பெற்றிருப்பது ஆவணங்கள் மூலம் நிரூபணமாகிறது. உள்ளூர் மதிப்பீடு ரத்து செய்யப்படுகிறது. மேற்படி விலை உயர்ந்த பொருளைப் பெற்றதை உரிய காலத்தில் தெரிவிக்கத் தவறியமைக்காக அவருக்குக் கண்டனம் என்னும் தண்டனை வழங்கப்படுகிறது.' விளக்கம் கேட்காமலே தண்டனை போட்டிருந்தார்கள். நடைமுறைப்படி அது செல்லாது. பத்து நிமிடத்தில் உடைக்கிற மாதிரி ஒரு மனுவை என்னால் எழுதியிருக்க முடியும். சொன்னேன்.

"ஒடைச்சா அந்த வரியும் ஒடையுமா?"

"ஆணை மொத்தமாப் போகும்."

"அப்ப வேண்டாம்" என்றார். "விலை உயர்ந்தங்கிறது ரெண்டு எடத்துல வருதுல்ல? அந்த ரெண்டையும் இன்னொரு தடவ வாசிங்க சார்."

வாசித்தேன். டைப்பிஸ்ட் அம்மாள் மிஷினை நிறுத்திவிட்டார். இவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அங்கே பார்த்தபடியே, மூன்று நகல் வேண்டும், அத்தாட்சி போட்டு வேண்டும், ஒன்று மஸ்கட்டுக்கு என்றார். கண்டனம் பெற்றவர் அதைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிவைத்ததாக வேறு உதாரணம் எனக்குத் தெரியாது. மேற்பார்வையாளர் பதவி அவருக்கு அடுத்திருந்தவருக்குப் போகும் என்று நினைவுபடுத்தினேன். "நல்ல பையன்தான்" என்றார்.

ஆணையைப் பெற்றுக்கொண்டதற்கு அடியில் ஒப்புதல் எழுத வேண்டும். தேதி போட்டால் போதும், படிவத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. பேனாவை வாங்கினார். சட்டைக் கையை மேலே தள்ளினார். மணிக்கட்டைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, ஓட்டல் அடுப்படியில் பார்க்கிற அதே சிரத்தையோடு பார்த்தார். பிறகு நிறுத்தி நிதானமாக எழுதினார்:

'பெற்றுக்கொண்டேன். 18.9.1991, முற்பகல் 11 மணி 10 நிமிடம்.'